நல்ல விகிதம் இருந்தால் போதுமா?

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் வரும் எந்தக் கடிதமும் முதலில் என் கைக்குத்தான் வரும். வங்கிக் கடிதம் முதல் குருதிப் பரிசோதனை ரிப்போர்ட் வரை வாசித்து அர்த்தம் சொல்வது என் வேலை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை என்பதால் என் வார்த்தைக்கு வீட்டில் ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு எவ்வளவு பாரமானது என்பதைச் சென்ற வருடம்தான் உணர்ந்தேன்.

என் மூத்தவாப்பா ஒரு தையல்காரர். வயது எழுபத்தொன்று. கடையை மூடிவிட்டாலும், வீட்டு முன்னறையில் மெஷினை வைத்துக்கொண்டு பெருநாள் காலத்தில் அயலவர்களுக்குத் தைத்துக் கொடுப்பார். அவருக்குப் பல வருடங்களாகப் பிரஷர் இருக்கிறது. கிளினிக்கில் எழுதிக் கொடுத்தபடி ஒருநாள் குருதிப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். வழக்கம்போல ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார்.

"மகள், என்ன சொல்லுது இந்தத் துண்டு?"

மொத்தக் கொலஸ்திரோல் 240. எச்.டி.எல். 60. டிரைகிளிசரைட்டு 150. எல்.டி.எல். 150. கடைசி வரியில் மொத்தக் கொலஸ்திரோலுக்கும் எச்.டி.எல்.லுக்கும் உள்ள விகிதம் 4.0 என்றும், அது 5இலும் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அச்சிட்டிருந்தது. ஒரு கணக்கின் விடை கடைசி வரியில்தானே இருக்கும்? நான் அந்த வரியைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கு மூத்தவாப்பா."

"அப்ப கிளினிக்குக்கு அடுத்த மாசம் போவம்" என்று ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதமும் போகவில்லை.

இரண்டு மாதத்தின் பின் ஒருநாள் ஸுப்ஹு நேரம். வுழூச் செய்வதற்காக வலது கையில் ஏந்திய தண்ணீர் அப்படியே வழிந்துவிட்டது. கையைப் பார்த்தபடி நின்றார். என்னவென்று கேட்டேன். அவர் வாயிலிருந்து வந்தது எனக்கு விளங்கவில்லை. சொற்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "ராவு கைய மடிச்சுப் படுத்திட்டன் போல. உம்மாட்ட சொல்லாத, பயந்துடுவா" என்றார். நானும் சொல்லவில்லை. அந்த 4.0 என்ற எண்தான் என் மனதில் இருந்தது.

மறுநாள் அஸருக்குப் பின் அவர் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது. இம்முறை வாயும் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

வைத்தியசாலையில் அவருக்குப் பாரிசவாதம் என்றும், கழுத்தின் இடப்பக்க நாடி எழுபது வீதத்துக்கு மேல் அடைபட்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். அந்தப் பழைய ரிப்போர்ட்டை உம்மா நீட்டியபோது, வைத்தியர் கடைசி வரியைப் பார்க்கவேயில்லை. அவருடைய பேனை எல்.டி.எல். 150 என்ற இடத்தில் நின்றது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. விகிதம் நன்றாக இருந்தும் நாடி எப்படி அடைபட்டது? அந்தக் கேள்விக்கு விடை தேடி வாசித்தவற்றையும், வைத்தியர்களிடம் கேட்டறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். எங்கள் கல்லூரியில் என்னைப் போல வீட்டாருக்கு ரிப்போர்ட் வாசித்துச் சொல்லும் பிள்ளைகள் பலர் இருப்பார்கள்.

விகிதம் எங்கிருந்து வந்தது?

கொலஸ்திரோல் நஞ்சு அல்ல. நமது ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் அது இருக்கிறது. பல ஓமோன்களும் விற்றமின் டியும் பித்த உப்புகளும் அதிலிருந்துதான் உருவாகின்றன. தேவையானதில் பெரும்பகுதியை நமது உடலே தயாரித்துக்கொள்கிறது. ஆனால் அது கொழுப்பு. நீர்த்தன்மையான குருதியில் கரையாது. ஆகவே புரதம் சேர்ந்த சிறு பொதிகளாகக் கட்டப்பட்டே குருதியில் பயணம் செய்கிறது. ஈரலிலிருந்து புறப்பட்ட கொலஸ்திரோலை உடலெங்கும் கொண்டு செல்பவை எல்.டி.எல். பொதிகள். மிகுதியானதைத் திரும்ப ஈரலுக்கு எடுத்து வருவதில் எச்.டி.எல். பொதிகளுக்குப் பங்குண்டு. அதனால்தான் முதலாவதைக் கெட்டது என்றும் இரண்டாவதை நல்லது என்றும் சொல்லிப் பழகிவிட்டோம்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்ஹாம் என்ற சிறு நகரம் உள்ளது. அங்கு 1948ஆம் ஆண்டு 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார்கள். யாருக்கு இருதய நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று வருடக்கணக்கில் அவதானித்தார்கள். மொத்தக் கொலஸ்திரோலை மட்டும் பார்ப்பதைவிட, அதை எச்.டி.எல்.லால் வகுத்துப் பார்த்தால் ஆபத்தை நன்றாகக் கணிக்கலாம் என்பது இத்தகைய ஆய்வுகளிலிருந்து தெரியவந்தது. வருவதையும் போவதையும் ஒரே எண்ணில் காட்டுவதால் விகிதம் பிரபலமானது.

கழுத்து நாடிக்கும் அது பொருந்துகிறது. விகிதம் கூடியவர்களின் கழுத்து நாடிச் சுவர் தடித்திருப்பதையும் அங்கே படிவுகள் அதிகம் இருப்பதையும் பல நாடுகளில் ஸ்கேன் செய்து கண்டிருக்கிறார்கள். நோர்வே நாட்டின் வடக்கிலுள்ள டிரொம்சோ நகரில் நடந்த ஆய்வொன்று 2001இல் வெளியானது. எச்.டி.எல். குறைந்தவர்களிடம் காணப்படும் படிவுகள் ஸ்கேனில் கருமையாகத் தெரியும் வகையாக இருப்பது அதிகம் என்று அது காட்டியது. கருமையாகத் தெரிபவை கொழுப்பு நிறைந்த மென்மையான படிவுகள்; எளிதில் வெடிக்கக்கூடியவை. ஆகவே விகிதம் உயர்ந்திருந்தால் அதை எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

அப்படியானால் விகிதம் நன்றாக இருந்தால் பயமில்லை என்றுதானே அர்த்தம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் பிழை.

மூன்று பேர், ஒரே விகிதம்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலாமவருக்கு மொத்தக் கொலஸ்திரோல் 160, எச்.டி.எல். 40. இரண்டாமவருக்கு 200உம் 50உம். மூன்றாமவருக்கு 240உம் 60உம். மூவருக்கும் விகிதம் 4தான்.

இனி எல்.டி.எல்.ஐக் கணிப்போம். 1972ஆம் ஆண்டு பிரீட்வால்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் தந்த எளிய சூத்திரத்தைப் பல ஆய்வுகூடங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. மொத்தக் கொலஸ்திரோலிலிருந்து எச்.டி.எல்.ஐக் கழித்து, டிரைகிளிசரைட்டில் ஐந்திலொன்றையும் கழிக்க வேண்டும். (டிரைகிளிசரைட்டு 400ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் பொருந்தாது.) மூவருக்கும் டிரைகிளிசரைட்டு 150 என்று வைத்துக்கொண்டால் எல்.டி.எல். முறையே 90, 120, 150 என்று வரும்.

விகிதம் ஒன்று, எல்.டி.எல். மூன்று. என் மூத்தவாப்பா அந்த மூன்றாமவர்.

நாடிச் சுவருக்குள் நுழைவது விகிதம் அல்ல, எல்.டி.எல். பொதிகள். குருதியில் அவை எவ்வளவு அதிகமாக, எத்தனை வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பதே முக்கியம். நன்றாகக் கூட்டித் துடைக்கிறவர் ஒருவர் இருந்தாலும், ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் கொட்டப்படும் குப்பை அதிகம் என்றால் மூலை முடுக்குகளில் அது சேரத்தானே செய்யும்?

கழுத்துக்குள் நடப்பது என்ன?

தாடைக்குக் கீழே, தொண்டையின் பக்கத்தில் மெதுவாக விரலை வைத்தால் ஒரு துடிப்புத் தெரியும். அதுதான் கரோட்டிட் நாடி. உணர்விழக்கச் செய்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அதை அமுக்கினால் மனிதன் மயங்குவான் என்று பண்டைக் கிரேக்கர்கள் அறிந்திருந்தார்கள். (இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்க வேண்டாம்!) நமது மூளை உடல் நிறையில் இரண்டு வீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதற்கான குருதியில் பெரும்பகுதி இந்த இரு நாடிகள் வழியாகவே போகிறது.

கழுத்தின் நடுப்பகுதியில் இந்த நாடி இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை முகத்துக்கு, மற்றையது மூளைக்கு. ஆறு கிளைக்கும் இடத்தில் ஓரமாகத் தண்ணீர் சுழன்று தேங்குவதையும், அங்கே மண் படிவதையும் பார்த்திருப்பீர்கள். நாடி கிளைக்கும் இடத்திலும் ஓரத்தில் குருதியோட்டம் தளர்ந்து சுழல்கிறது. அங்கே நாடியின் உட்படையான அகவணி பலவீனமடைகிறது. உயர் குருதி அமுக்கமும் புகைத்தலும் நீரிழிவும் அதை மேலும் பழுதாக்குகின்றன.

அந்தப் பழுதான இடத்தினூடாக எல்.டி.எல். பொதிகள் சுவருக்குள் போய்த் தங்கி, இரசாயன மாற்றம் அடைகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வெண்குழியங்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கி, கொழுப்பால் நிரம்பி, நுரைபோல ஊதி அங்கேயே இறக்கின்றன. அதன் மேல் நார்த்தன்மையான ஒரு மூடி உருவாகிறது. இதுதான் படிவு. இது ஓரிரு மாதத்தில் நடப்பதல்ல; பத்து, இருபது, முப்பது வருட வேலை. இக்காலம் முழுவதும் எந்த நோவும் இருக்காது.

ஒருநாள் அந்த மூடி கிழியலாம். உடனே குருதிச் சிறுதட்டுகள் அங்கே ஒன்றுகூடிக் கட்டியாகின்றன. கட்டியின் ஒரு துணுக்குப் பிய்ந்து மூளைக்குப் போய், சிறிய நாடியொன்றை அடைத்துவிட்டால் அதுவே பாரிசவாதம். இடப்பக்கக் கழுத்து நாடி மூளையின் இடப்பக்கத்துக்குக் குருதி கொடுக்கிறது. அந்தப் பக்கம்தான் வலது கையை இயக்குகிறது. பெரும்பாலானோரின் பேச்சையும் அதுவே கவனித்துக்கொள்கிறது. மூத்தவாப்பாவின் வலது கையும் பேச்சும் ஏன் ஒன்றாகக் குழம்பின என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ரிப்போர்ட் என்பது அன்றைய குருதியின் கணக்கு. படிவு என்பது நாற்பது வருடத்தின் கணக்கு. இன்றைய எண்ணைப் பார்த்து, சுவரில் ஏற்கெனவே சேர்ந்திருப்பதை அறிய முடியாது.

அதை அறிய உதவுவது கழுத்து ஸ்கேன். ஒலி அலைகளால் செய்யப்படுவதால் கதிர்வீச்சோ நோவோ இல்லை. தோட்டக் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் வேகமாகப் பாய்வதுபோல, ஒடுங்கிய இடத்தில் குருதியும் வேகமாக ஓடும். அந்த வேகம் செக்கனுக்கு 125 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நாடி பாதியாவது ஒடுங்கியிருக்கலாம் என்றும், 230ஐத் தாண்டினால் எழுபது வீதம் ஒடுங்கியிருக்கலாம் என்றும் கொள்கிறார்கள். இதை வாசித்துவிட்டு எல்லோரும் கழுத்து ஸ்கேன் செய்யப் புறப்பட வேண்டியதில்லை. அறிகுறி எதுவுமில்லாத பொதுமக்களுக்கு இது சிபாரிசு செய்யப்படுவதில்லை. யாருக்குத் தேவை என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

நல்ல கொழுப்பை மட்டும் கூட்டினால்?

விகிதத்தை அழகாக்க இன்னொரு வழியும் உண்டு: எச்.டி.எல்.ஐக் கூட்டுவது. டொர்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.ஐ ஏறத்தாழ 72 வீதத்தால் கூட்டியது; எல்.டி.எல்.ஐயும் கால் பங்கு குறைத்தது. விகிதத்தைப் பார்த்தால் இதைவிடச் சிறந்த மருந்து இருக்க முடியாது. சுமார் 15,000 பேரைச் சேர்த்துச் சோதித்தார்கள். 2006 டிசம்பரில் அந்தச் சோதனையை அவசரமாக நிறுத்த நேர்ந்தது. மருந்து எடுத்தவர்களில் 93 பேரும் எடுக்காதவர்களில் 59 பேரும் இறந்திருந்தார்கள். அந்த மருந்து குருதி அமுக்கத்தையும் கூட்டியிருந்தது. தாளில் எண் அழகானது. மனிதருக்கு நன்மை கிடைக்கவில்லை.

நமது சமையலறைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. "தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பைக் கூட்டும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கட்டுரையொன்றின்படி, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எச்.டி.எல்.ஐச் சுமார் 4ஆல் கூட்டுகிறது, எல்.டி.எல்.ஐச் சுமார் 10ஆல் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து கூடுவதால் விகிதம் பெரிதாக மாறாது. சுவருக்குள் போவது மட்டும் கூடும். தேங்காயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நெய்ச்சோறும் இறைச்சிக் கறியும் வட்டிலப்பமும் ஒரே நாளில் வரும் வீடுகளில் அளவைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

பத்து நிமிடத்தில் மறைந்தது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால் இந்தப் பகுதியை வைத்திருங்கள்.

அந்த ஸுப்ஹு நேரத்தில் வந்து மறைந்ததற்குத் தற்காலிகப் பாரிசவாதம் என்று பெயர். சிறு கட்டியொன்று போய் அடைத்து, தானாகவே கரைந்துவிட்டது. "சரியாகிவிட்டது" என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கட்டி வந்த இடம் கழுத்தில் அப்படியே இருக்கிறது. கலிபோர்னியாவில் இவ்வாறு வந்து மறைந்த 1,707 பேரை அவதானித்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 90 நாட்களுக்குள் 180 பேருக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. அவர்களில் 91 பேருக்கு அது முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே வந்தது. மூத்தவாப்பாவும் அப்படி இரண்டு நாட்களுக்குள் விழுந்தவர்தான்.

மறுபக்கம் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பகுதியில் நடந்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. இத்தகைய நோயாளிகளைத் தாமதமின்றிப் பார்த்து உடனே மருந்தைத் தொடங்கியபோது, 90 நாட்களுக்குள் பாரிசவாதம் வரும் வாய்ப்பு 10.3 வீதத்திலிருந்து 2.1 வீதமாகக் குறைந்தது. நான் அன்று காலையே உம்மாவிடம் சொல்லியிருந்தால் என்று நினைக்காத நாளில்லை. இதைப் பற்றி வைத்தியரிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, மகள். இப்ப தெரியும்தானே, மற்றவங்களுக்குச் சொல்லுங்க" என்றார். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் பலமிழத்தல், பேச்சுக் குழறுதல், ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் பார்வை மறைதல் ஆகியவற்றில் ஒன்று திடீரென வந்தால், அது மறைந்துவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். வீட்டிலிருக்கும் அஸ்பிரினைக் கொடுக்க வேண்டாம். சிலருக்கு அடைப்பு அல்ல, மூளையில் குருதிக் கசிவு இருக்கலாம். ஸ்கேன் எடுத்தே அதைப் பிரித்தறிய முடியும். எல்லாப் பாரிசவாதமும் கழுத்து நாடியில் தொடங்குவதுமில்லை. இருதயத் துடிப்பின் ஒழுங்கின்மையாலும், உயர் குருதி அமுக்கத்தாலும் வரக்கூடும்.

பிறகு என்ன நடந்தது?

மூத்தவாப்பாவுக்குக் கழுத்து நாடியைத் திறந்து படிவை அகற்றும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. வட அமெரிக்காவில் 1991இல் வெளியான ஆய்வொன்றில், அறிகுறி வந்து எழுபது வீதத்துக்கு மேல் ஒடுங்கியிருந்தவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் அதே பக்கப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு, மருந்து மட்டும் எடுத்தோரில் 26 வீதமாகவும் சத்திரசிகிச்சை செய்தோரில் 9 வீதமாகவும் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் செய்தால் பயன் அதிகம் என்கிறார்கள். அவருக்குப் பன்னிரண்டாம் நாள் செய்தார்கள்.

அத்தோடு கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் தொடங்கினார்கள். பாரிசவாதம் வந்தவர்களை வைத்துப் பிரான்சிலும் தென்கொரியாவிலும் நடந்த ஆய்வொன்றில், எல்.டி.எல்.ஐ 70இற்குக் கீழே கொண்டுவந்தவர்களில் 8.5 வீதமானோருக்கும், 90க்கும் 110க்கும் இடையில் வைத்திருந்தவர்களில் 10.9 வீதமானோருக்கும் மீண்டும் பாரிசவாதமோ மாரடைப்போ போன்ற பெரிய பாதிப்பு வந்தது. ஆகவே 150 என்பது ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதல் என்றால், மூத்தவாப்பா போன்ற ஒருவருக்கு அது இரு மடங்குக்கும் மேல். ஒரே எண்ணுக்கு ஆளுக்கு ஆள் அர்த்தம் வேறு. ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் "சரியான அளவு" எல்லோருக்கும் பொதுவானது. அது உங்கள் வாப்பாவின் வயதையும் பிரஷரையும் சீனி வருத்தத்தையும் அறியாது.

இன்று அவர் நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார். ஆனால் வலது கையின் விரல்கள் முழுமையாகத் திரும்பவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மெஷின் முன்னறையில் துணி போர்த்தியபடி இருக்கிறது.

ரிப்போர்ட்டுகளை இன்றும் நான்தான் வாசிக்கிறேன். ஆனால் நல்லது, கெட்டது என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி போட்டு எல்லா எண்களையும், குருதி அமுக்கத்தையும் எழுதுகிறேன். கிளினிக் நாளில் அந்தக் கொப்பி அவரோடு போகும். சென்ற மாதம் எல்.டி.எல். 68 என்று எழுதினேன். விகிதத்தையும் எழுதினேன், மற்ற எண்களுக்குப் பக்கத்தில்.

"என்ன மகள், நல்லமா?" என்று கேட்டார்.

"டொக்டர்ட்ட காட்டிட்டுச் சொல்லுவம் மூத்தவாப்பா" என்றேன். அவர் இடது கையால் கொப்பியை வாங்கி, கிளினிக் கார்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.